தையல் பிரித்துவிட்டார்கள், காயம் ஆறிவிட்டதா?

அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் பிரிக்க வரும் நாள், நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் பெரும்பாலும் மகிழ்ச்சியான நாளாகவே அமைகிறது. கட்டு அவிழ்கிறது, நூல் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது, அதன் அடியில் மெல்லிய சிவந்த கோடு ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கிறது. உடன் வந்தவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "இனி வழக்கமான வேலைகளைச் செய்யலாம் அல்லவா?" என்பதே. "இன்னும் சில வாரங்கள் பொறுத்திருங்கள்" என்று நாங்கள் கூறும்போது பலருடைய முகத்தில் ஐயம் படர்வதைக் காண்கிறோம். பார்வைக்கு ஆறிவிட்ட காயத்துக்கு ஏன் இத்தனை காவல்?

இந்த ஐயம் நியாயமானது. தையல், ஊசி, நூல் ஆகியவை செய்யும் பணி எது, நம் உடல் செய்யும் பணி எது என்பதைப் பிரித்தறிந்துகொண்டால் விடை எளிதில் விளங்கும்.

நூல் தாங்குகிறது, உடல் பிணைக்கிறது

வீடு கட்டும்போது தளம் போடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஈரக் கான்கிரீட்டைச் சென்ட்ரிங் பலகைகள் தாங்கி நிற்கின்றன. கான்கிரீட் இறுகித் தன் எடையைத் தானே தாங்கும் நிலைக்கு வந்ததும் பலகைகளை அகற்றிவிடுகிறார்கள். பலகை அகன்ற பின்பும் தளம் தொடர்ந்து வலுப்பெற்றுக்கொண்டே இருக்கிறது. தையல் நூலும் அத்தகைய பலகைதான். அது காயத்தை ஆற்றுவதில்லை. உடல் தன் பணியைச் செய்து முடிக்கும் வரை, பிளந்த விளிம்புகளை ஒன்றோடொன்று பொருந்தியபடி பிடித்து வைத்திருப்பதே அதன் கடமை.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வெளியே தெரியும் தையல் காயத்தின் மேலடுக்கு மட்டுமே. சிசேரியன், குடல்வால் நீக்கம் போன்ற வயிற்று அறுவைகளில் உள்ளுறுப்பு, வயிற்றுச் சுவரின் தசையுறை, தோல் என ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே மூடப்படுகிறது. தோலின் நூலை நாங்கள் பிரித்தெடுக்கும் நாளில் உள்ளடுக்குகளின் நூல்கள் இன்னும் பணியில்தான் இருக்கின்றன. லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும். வெளியே மூன்று நான்கு சிறு தழும்புகளே தெரிந்தாலும் உள்ளே நிகழ்ந்தது முழுமையான அறுவையே.

பழைய ஊசி, புதிய நூல்

காயத்தைத் தைத்து மூடும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், போரில் புண்பட்ட வீரர்களின் மார்பில் தைத்த வடுக்களைக் குறிப்பிடுகிறார். குளத்து நீருக்குள் பாய்ந்து மேலெழும் மீன்கொத்தியை, புண்ணுக்குள் சென்று வெளிவரும் நீண்ட ஊசிக்கு அவர் உவமையாக்குகிறார். தையலைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கே தோன்றக்கூடிய உவமை அது. இந்நூலை உ.வே. சாமிநாதையர் 1904ஆம் ஆண்டு பதிப்பித்தார். அவர் பெயரில் 1943இல் தொடங்கப்பட்ட நூலகம் இன்று நம் பெசன்ட் நகரில் உள்ளது.

இன்றைய அறுவை ஊசி தையற்கடை ஊசியிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அது பிறைபோல் வளைந்திருக்கும். விரலால் அன்றி, இடுக்கி போன்ற ஒரு கருவியால் பிடித்துச் செலுத்தப்படும். அதற்குப் பெரும்பாலும் காது இருப்பதில்லை. காதுள்ள ஊசியில் கோத்த நூல் இரட்டையாக மடிந்து செல்வதால் துளை பெரிதாகிறது. அதனால் நூலை ஊசியின் பின்முனையிலேயே பொருத்தித் தயாரிக்கிறார்கள். உறுதியான தோலை ஊடுருவ விளிம்பு கூரிய ஊசியும், மென்மையான குடலைத் தைக்க உருண்டை ஊசியும் பயன்படுகின்றன.

நூல்கள் இருவகைப்படும். நைலான், பாலிபுரொப்பிலீன் போன்றவை உடலில் கரைவதில்லை. தோலில் இட்டால் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். மற்றொரு வகை, உடலிலேயே கரைந்து மறைவது. முற்காலத்தில் இதற்குக் கேட்கட் என்னும் நூலே பெரிதும் பயன்பட்டது. பெயரில் பூனை இருப்பினும், அது ஆடு மாடுகளின் குடலிலிருந்து செய்யப்பட்டது. இப்போது பெரும்பாலும் ஆய்வகத்தில் உருவான செயற்கை நூல்களே பயன்படுகின்றன. பாலிகிளாக்டின் நூல் ஏறத்தாழ மூன்று வாரங்களில் தன் வலிமையில் பாதியை இழந்து, 56 முதல் 70 நாட்களுக்குள் முற்றிலும் கரைந்துவிடுகிறது. பாலிடையாக்சனோன் நூல் கரைய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகின்றன. மெதுவாக ஆறும் வயிற்றுச் சுவருக்கு மெதுவாகக் கரையும் நூலோ கரையாத நூலோ தேர்ந்தெடுக்கப்படுவது இதனால்தான். இவையன்றி, உலோகப் பின்கள், தோல் பசை, ஒட்டுப்பட்டைகள் ஆகியவையும் இடத்துக்கேற்பப் பயன்படுகின்றன.

விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருள் தம் உடலில் சேர்வதை விரும்பாதவர்கள், அறுவைக்கு முன்பே அதனை மருத்துவரிடம் தெரிவிக்கலாம். அவ்வாறு கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

கிண்டியில் அவிழ்ந்த புதிர்

நூல் கரைந்தோ பிரிக்கப்பட்டோ போன பின் காயத்தைப் பிடித்திருப்பது எது? அதன் பெயர் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், இரத்தக்குழாய்ச் சுவர் என உடலைக் கட்டிப்பிடித்திருக்கும் நார்ப்புரதம் அது. நம் உடலில் மிக அதிக அளவில் உள்ள புரதமும் அதுவே.

அதன் அமைப்பு கண்டறியப்பட்ட இடம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மகப்பேறு மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியார், 1952ஆம் ஆண்டு ஜி.என். ராமச்சந்திரன் என்னும் இளம் இயற்பியலாளரை இயற்பியல் துறைக்குத் தலைவராக்கினார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிராக இருப்பதை அவரிடம் எடுத்துரைத்தார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, 1954இல் தம் முடிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அதனை மேலும் திருத்தி வெளியிட்டனர். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றித் திரிந்த முப்புரிக் கயிறே கொலாஜன் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. அறுவை மருத்துவர் இடும் நூலுக்குப் பதிலாக உடல் தானே திரித்துக்கொள்ளும் கயிறு இது.

அதே சர்தார் படேல் சாலையில், 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. தோல் பதனிடுதல் என்பதே கொலாஜனைக் கெடாமல் நிலைநிறுத்தும் கலைதான். புண்களை மூடும் கொலாஜன் படலங்களைப் பற்றிய ஆய்வுகளும் அங்கே நடைபெற்றுள்ளன.

காயத்தின் நாட்காட்டி

காயம்பட்ட சில நிமிடங்களில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் அவ்விடத்துக்கு விரைந்து கிருமிகளையும் சிதைந்த திசுக்களையும் அகற்றுகின்றன. இலேசான வீக்கமும் சூடும் அப்போது இயல்பு. தைத்த காயத்தின் மேல்தோல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மெல்லிய படலமாக இணைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் அளவில் தொடங்கிச் சில வாரங்கள் வரை கொலாஜன் இழைகள் நிரம்புகின்றன. அதன்பின், அவசரமாக இடப்பட்ட இழைகளை நீக்கி உறுதியான இழைகளை முறையாக அடுக்கும் பணி ஓராண்டு வரையிலும் தொடர்கிறது. சிவந்து தடித்திருந்த தழும்பு மெல்ல வெளுத்து மென்மையாவது இதனால்தான்.

தையல் பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் வேறுபடும். இரத்த ஓட்டம் மிகுந்த முகத்தில் ஏறத்தாழ 5 நாட்கள். வயிறு, முதுகுப் பகுதிகளில் 7 முதல் 10 நாட்கள். கை, கால்களிலும் மூட்டுகளிலும் 10 முதல் 14 நாட்கள்.

இப்போது எங்கள் விடைக்கு வருவோம். முதல் வாரம் முடியும்போது தைத்த இடத்தின் வலிமை, காயம்படாத தோலின் வலிமையில் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே. அடுத்த நான்கு வாரங்களில் அது வேகமாக உயர்கிறது. மூன்றாம் மாத அளவில் 70 முதல் 80 விழுக்காட்டை எட்டி, ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது. பழைய முழு வலிமை திரும்புவதில்லை. ஆகவே தையல் பிரிக்கும் நாள், காயம் ஆறி முடிந்த நாள் அன்று. பொறுப்பு நூலிடமிருந்து உடலுக்கு மாறத் தொடங்கும் நாள்.

எடை தூக்கலாமா?

வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களை நாங்கள் மீண்டும் மீண்டும் எச்சரிப்பது இதனைக் குறித்தே. நம் வீடுகளுக்கு வரும் குடிநீர் கேனில் 20 லிட்டர், அதாவது 20 கிலோ எடையுள்ள தண்ணீர் இருக்கிறது. நிரம்பிய சமையல் எரிவாயு உருளை அதனினும் கனமானது. இவற்றைத் தூக்கும்போதும், இருசக்கர வாகனத்தை நடுத்தாங்கியில் நிறுத்தும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும், வயிற்றுக்குள் அழுத்தம் உயர்கிறது. இளம் கொலாஜன் அவ்வழுத்தத்தைத் தாங்காமல் விலகினால், மேல்தோல் நன்றாக இருக்கும்போதே அடியில் தசையுறை திறந்து, பின்னாளில் ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம் தோன்றலாம். அதனைச் சரிசெய்ய மற்றோர் அறுவை தேவைப்படலாம்.

பெரிய வயிற்று அறுவைக்குப் பின் ஆறு வாரமேனும் கனமான எடையைத் தவிர்க்குமாறு பொதுவாக அறிவுறுத்துகிறோம். உங்களுக்குரிய காலத்தை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். குடும்பத்தினருக்கு எங்கள் வேண்டுகோள் இது: "தையல் பிரித்தாயிற்றே" என்று வீட்டுப் பெண்களிடம் குடத்தையும் கேனையும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதே வேளையில் நோயாளியைப் படுக்கையிலேயே இருத்திவிடவும் வேண்டாம். மெதுவாக நடப்பது இரத்த ஓட்டத்துக்கு நல்லது. இருமலோ தும்மலோ வரும்போது சிறு தலையணையை வயிற்றின்மீது அணைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும்.

பத்தியம் என்னும் பெயரால்

பருப்பு உண்டால் சீழ் பிடிக்கும், முட்டை உண்டால் புண் ஆறாது என்னும் நம்பிக்கைகள் பல வீடுகளில் இன்றும் உள்ளன. அன்புடன் விதிக்கப்படும் இப்பத்தியம், கொலாஜன் நெய்யப்படும் வேளையில் அதற்கான பஞ்சை நிறுத்திவிடுகிறது. சீழுக்குக் காரணம் கிருமி, பருப்பு அன்று. பருப்பு, சுண்டல், பால், தயிர், நிலக்கடலை, உண்பவர்களுக்கு முட்டை, மீன் ஆகிய அனைத்தும் இக்காலத்தில் தேவை. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஏகாதசி, சஷ்டி விரதங்களை உடல் தேறும் வரை தள்ளிவைப்பது நன்று.

முப்புரிக் கயிறு உறுதியாகத் திரள உயிர்ச்சத்து சி இன்றியமையாதது. 1740இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஆன்சன் மேற்கொண்ட நெடும்பயணத்தில், புதிய காய்கனிகள் இல்லாமல் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மடிந்தனர். அவர்களுள் ஒருவருக்கு, 50 ஆண்டுகளுக்கு முன் போரில் பட்டு ஆறிய புண்கள் மீண்டும் திறந்துகொண்டதாக அப்பயண நூல் கூறுகிறது. ஆறிய தழும்பையும் உடல் இடைவிடாது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இது சான்று. நமக்கோ நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் எளிதில் கிடைக்கின்றன. வெப்பத்தில் இச்சத்து குறையுமாதலால், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிவது சிறந்தது.

கட்டுக்கடங்காத சர்க்கரை வெள்ளணுக்களின் ஆற்றலைக் குறைக்கிறது. புகைபிடித்தல் நுண்குழாய்களைச் சுருக்கிக் காயத்துக்குச் செல்லும் உயிர்வளியைக் குறைக்கிறது. இவ்விரண்டையும் அடக்கினால் பாதி வெற்றி கிட்டியது போலாகும்.

வீட்டில் நினைவிற்கொள்ள வேண்டியவை

மருத்துவர் வேறு விதமாகக் கூறாவிடில், 48 மணி நேரத்துக்குப் பின் காயத்தின்மீது தண்ணீர் மெதுவாக வழியுமாறு குளிக்கலாம். பின்னர்த் தேய்க்காமல், தூய துணியால் ஒற்றி எடுங்கள். தொட்டியிலும் குளத்திலும் கடலிலும் மூழ்குவதைத் தவிருங்கள். சென்னையின் கோடையில் வியர்வை தேங்காதவாறு தளர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், எண்ணெய், சாம்பல் எதையும் காயத்தில் இட வேண்டாம். ஆறும் காயம் அரிக்கும், சொறியாதீர்கள். சில வாரங்கள் கழித்து நூலின் முடிச்சு ஒன்று தோலில் எட்டிப்பார்த்தால் அதனை இழுக்காமல் எங்களிடம் காட்டுங்கள். புதிய தழும்பில் வெயில் படாமல் காப்பது, அது கருத்துப்போவதைக் குறைக்கும். தழும்பு காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளர்ந்தால் அது கெலாய்டு ஆகலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்: காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் குறையாமல் கூடும் வலி, விளிம்பைத் தாண்டிப் பரவும் சிவப்பு, சீழ் அல்லது துர்நாற்றம், காயத்தின் விளிம்புகள் விலகுதல், வயிற்றுக் காயத்திலிருந்து திடீரென இளஞ்சிவப்பு நீர் மிகுதியாகக் கசிதல். இறுதியாகச் சொன்ன அறிகுறி உள்தையல் விட்டுப்போனதைக் காட்டக்கூடும். அப்போது காயத்தைத் தூய ஈரத்துணியால் மூடி, எதுவும் உண்ணாமல் பருகாமல், நோயாளியைப் படுத்த நிலையில் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.