தலைகீழாத் தெரிஞ்ச டோங்கா: கூகுள் எர்த்தில் ஒரு நிலநடுக்கப் பாடம்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கல்லூரியில ஜியாலஜி படிக்கிற பசங்களுக்கு கூகுள் எர்த் வகுப்பு எடுக்கப் போனேன். நான் சாஃப்ட்வேர் ஆளு. பாறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அங்க நான் பண்ண தப்புதான் இன்னிக்கு எபிசோட்.

எடுத்துக்கிட்டது டோங்கா. அங்க பசிபிக் தட்டு மேற்கு நோக்கிச் சரிஞ்சு பூமிக்குள்ள இறங்குது. கிழக்கே அகழிப் பக்கம் நிலநடுக்கங்களோட ஆழம் கம்மி. ஃபிஜி பக்கம் போகப் போக கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் வரைக்கும் கூடும். சாதாரண வரைபடம் போதாதான்னு கேட்டா, 180 பாகைத் தீர்க்கரேகை ஃபிஜித் தீவுகள் வழியாப் போகுது. வழக்கமான உலக வரைபடத்துல ஒரே கூட்டம் ரெண்டு ஓரமாப் பிஞ்சு கிடக்கும். உருண்டையில அந்தத் தொல்லையே இல்ல.

தரவு அமெரிக்காவின் யூ.எஸ்.ஜி.எஸ். தளத்துல இலவசம். அந்த சி.எஸ்.வி. கோப்பை கே.எம்.எல்.லா மாத்தணும். அதுல அட்சரேகை முதல்ல, கே.எம்.எல்.லில் தீர்க்கரேகை முதல்ல. மாத்திப் போட்டா நம்ம சென்னை (13, 80) ஸ்வால்பார்டு பக்கம் ஆர்க்டிக்ல போய் நிக்கும். ஒருத்தர் அப்படிப் போட்டு எல்லாரும் சிரிச்சோம். அது கண்ணுக்குத் தெரியற தப்பு. என்னோடது தெரியல.

தரைக்கு அடியில வெச்ச புள்ளி கூகுள் எர்த்துல தெரியாது. அதனால ஆழத்தை 1000-ஆல பெருக்கி, மீட்டராக்கி, அப்படியே உயரமாக் கொடுத்தேன். உயர முறையை 'அப்சல்யூட்'னு வைக்கணும்; இல்லேன்னா எல்லாம் தரையில ஒட்டிக்கும். படம் பிரமாதமா வந்துச்சு. எனக்கே பெருமை. அப்பதான் ஒரு பொண்ணு கேட்டாங்க: "அண்ணா, அப்போ தட்டு ஃபிஜி பக்கம் மேல ஏறுதா?"

ஆமா, அப்படித்தான் காட்டியிருக்கேன்! இறங்குற தட்டை வானத்துக்கு ஏத்திவிட்டுட்டேன். கேக்காத மத்தவங்க அதையே நம்பியிருப்பாங்க. உடனே 700-லேருந்து ஆழத்தைக் கழிச்சு அதை உயரமாக் கொடுத்தேன். மொத்தமும் வானத்துல மிதந்தாலும் சரிவு இப்ப சரியான பக்கம். 700 கூட்டியிருக்கோம்னு படத்துலயே எழுதச் சொன்னேன். அடுத்த வகுப்புல, படம் பாக்கறதுக்கு முன்னாடியே தட்டு எந்தப் பக்கம் சரியும்னு காகிதத்துல வரையச் சொல்லிட்டேன்.

இன்னொரு பையன், 10 கிலோமீட்டர் ஆழத்துல மட்டும் புள்ளிகள் தட்டையா ஒரே வரிசையா இருக்கேன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அவங்க மேடம்தான் சொன்னாங்க: மேலோட்டமான நிலநடுக்கத்துக்கு ஆழத்தைச் சரியாக் கணிக்க முடியலேன்னா, பல நேரம் 10-னு நிலையா வெச்சுடுவாங்களாம். அங்க அப்படி ஒரு அடுக்கே கிடையாது.