கடன் வசூலும் வீட்டு வாசலும்

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் கடன் கொடுப்பவருக்கு ஒரு கட்டளை உண்டு. அடகுப் பொருளை வாங்குவதற்காக அவர் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரரே பொருளை எடுத்து வந்து தர வேண்டும். அதற்குச் சற்று முன்னால் இன்னொரு கட்டளை: மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது ஒருவரின் பிழைப்பையே, உயிரையே வாங்குவதாகும். நாம் அதிகம் கவனிக்காமல் கடந்து போகும் பகுதி இது. கடனைத் திருப்பித் தர வேண்டாம் என்று இங்கே சொல்லப்படவில்லை. கேட்க வருகிறவர் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதுதான் சொல்லப்படுகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலைத் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற கோயிலால் பலரும் அறிவர். இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் தறி வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் வரவு எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை இறங்கும். கோர்வை போட்டு, ஜரிகை வைத்து நெய்யும் ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள் பிடிக்கும். வேலைப்பாடு கூடினால் இன்னும் அதிகம். சேலையை முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒப்படைத்தால்தான் கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறினால் வேலை நின்றுவிடும். ஆனால் குழுக் கடனின் தவணையோ மழை, வெயில் பாராமல் வாரந்தோறும் வந்துவிடுகிறது. தவணை தவறியவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றும் எண்ணம் கொண்டவர்கள் அல்லர். வரவு ஒரு தாளத்திலும் தவணை வேறொரு தாளத்திலும் நடப்பதால் தடுமாறியவர்கள். அந்த ஒரு வாரத் தடுமாற்றத்தைச் சமாளிக்கத் தண்டல்காரரிடம் கை நீட்டுவதுதான் உண்மையான ஆபத்தின் தொடக்கம்.

இந்த மண்ணில் கடன் என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு. தறி முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் உட்கார வைக்கப்பட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆயினும் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல்கூட அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. கடன் கொடுத்தவன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்திருக்கிறான் என்று எலிசாவிடம் ஒரு கைம்பெண் முறையிட்டாள் அல்லவா? (2 அரசர்கள் 4). நமக்கு அது தூரத்துக் கதை அல்ல.

இன்று தவணை கேட்டு வருபவர் பெரும்பாலும் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் ஊழியர். அவருக்கு எல்லைகள் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரப்படும் நுண்கடனுக்கு எந்த அடமானமும் வாங்கக்கூடாது. அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தவணையை இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராதவரின் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ மட்டுமே ஊழியர் போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. திட்டுவது, மிரட்டுவது, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்துவது, கடனாளியின் பெயரை ஊரறிய வெளியிடுவது எல்லாம் தடை செய்யப்பட்டவை.

"தறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்ற மிரட்டலுக்குப் பயந்து உறக்கம் இழந்தவர்கள் உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவைப் பாருங்கள். நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்று முறைப்படி ஜப்தி செய்ய வந்தாலும்கூடக் கைவினைஞரின் தொழிற்கருவிகள், உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணி ஆகியவற்றைத் தொட முடியாது. மோசே திரிகைக் கல்லைக் காத்தார். இந்தச் சட்டம் தறியைக் காக்கிறது. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் வசூல்காரருக்கு எங்கிருந்து வரும்?

சட்டத்தால் எளிதில் எட்ட முடியாத ஒரு வேதனையும் இருக்கிறது. குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. எனவே ஊழியர் குரல் உயர்த்தவே வேண்டியதில்லை. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்ன பெண்களே இன்று அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து விடுகிறார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் பணமும் அல்லவா போகிறது! ஆனால் அப்படி அவமானப்பட்ட பெண் அடுத்த வாரம் குழுவுக்கும் வருவதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. குழு கூடும் நாளில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை கடன் இருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசி, நிறுவனத்திடம் எல்லோருமாகச் சேர்ந்து தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பதில் இந்தக் கேடு இல்லை. அதைத் தவணை தவறிய பிறகு கேட்பதைவிட, மழைக்காலம் தொடங்கும் முன்பே கேட்பது நல்லது.

தண்டலும் மீட்டர் வட்டியும் வேறு வகை. தினவட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்யும் தமிழகச் சட்டம் 2003இல் வந்தது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன்பட்டவர் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்திலேயே செலுத்திக் கணக்கை முடிக்கவும் அதில் வழி உண்டு. இது பலருக்கும் தெரிவதில்லை. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு குடும்பமே உயிரிழந்தது. பிஞ்சுக் குழந்தைகள் இருவரும் அதில் அடக்கம். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்று அன்று தமிழகம் கண்டது. மிரட்டிப் பின்தொடர்ந்தும், வீட்டில் வந்து உட்கார்ந்தும் வசூலிப்பதற்கு எதிராக 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு மசோதாவை நிறைவேற்ற, அதுவும் சட்டமாயிற்று. கடனால் மனம் உடைந்து விபரீத எண்ணம் வருமானால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

நம்மிடையே வட்டிக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருபவர்கள்தாம். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் பீரோவில் இருக்கும் அடுத்தவர் ஏ.டி.எம். அட்டையும் ரேஷன் அட்டையும் எதற்காக? ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது அதே 24ஆம் அதிகாரம். இன்றைய ஏழைக்கு ரேஷன் அட்டைதான் போர்வை.

கடை வைத்திருப்போருக்கும் நிலுவை உண்டு என்பதை மறக்கவில்லை. நோட்டில் ஏறிய பாக்கியைக் கேட்பது அவர்கள் உரிமை. கடை வாசலில் நாலு பேர் முன்னால் கேட்பதைவிட, தனியாக அழைத்து, கூலி வரும் நாளைக் கேட்டறிந்து, சிறுகச் சிறுக வாங்குவதில் பணமும் வரும், வாடிக்கையும் நிற்கும்.

தவணை தவறியவர்கள் செய்ய வேண்டியது என்ன? ஒளிந்துகொள்ளாதீர்கள், ஊழியர் வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வது மிரட்டலுக்குத்தான் வழிவிடும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். எழுதாத புரோநோட்டிலும் தொகை போடாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காசோலை திரும்பிவிட்டதாக வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் மூலையில் போட்டுவிடக்கூடாது. கிடைத்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டாவிட்டால் குற்ற வழக்குக்கு இடமாகும். ஊழியர் வரம்பு மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தகவல் 14448 என்ற எண்ணில் கிடைக்கும். சட்ட உதவிக்கு 15100. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் குழுக்களில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தனியாகப் போகத் தயங்குபவர்கள் பங்கில் யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடன் அட்டையையும் ரசீதுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.