பின்பாரமும் பட்டைவில்லும்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் வட்டத்தில் அமைந்துள்ளது பெருமாட்டி. தென்னையும் நெல்லும் விளையும் இச்சமவெளிக்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் எழுகின்றது. அதே வட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்திற்குச் செல்லும் சாலை, தமிழ்நாட்டிற்குள் புகுந்து சேத்துமடை வழியாகவே மலையேறுகின்றது. மலைத்தொடரின் தென்கிழக்கில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து, 7,000 அடிக்கு மேல் உயர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கரடுமுரடான பாதையில் ஜீப்புகள் ஏறுகின்றன. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் ஜீப்பில் சென்று வருவதும் நெடுநாளைய வழக்கம்.

இவ்வழிகளில் மருந்துப் பெட்டி, அரிசி மூட்டை, அளவைக் கருவி, ஆட்கள் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஒரே வண்டியில் ஏறுகின்றன. சில ஆண்டுகளில் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முகப்பு மேல்நோக்கி நிற்கத் தொடங்குகின்றது. “இன்னும் ஒரு பட்டை வைத்துக் கட்டினால் சரியாகிவிடும்” என்பதே பட்டறையில் முதலில் கிடைக்கும் யோசனை. இந்த யோசனை எப்போது பொருந்தும், எப்போது ஆபத்தை விளைவிக்கும் என்பதை வண்டியை நம்பிப் பயணம் செய்வோர் அறிந்திருத்தல் வேண்டும்.

மாட்டுவண்டி ஓட்டுவோர் முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டையும் நன்கறிவர். அச்சுக்குப் பின்னால் சுமை மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். ஜீப்பிலும் இதே விதி செயற்படுகின்றது. முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே 2 மீட்டர் தொலைவுள்ள வண்டியில், பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 100 கிலோகிராம் மூட்டையை வைப்பதாகக் கொள்வோம். பின் அச்சின்மீது கூடும் பாரம் 100 அன்று, 125 கிலோகிராம். முன் அச்சிலிருந்து 25 கிலோகிராம் குறைகின்றது. முன் சக்கரங்கள் நிலத்தை அழுத்துவது குறையவே, திருப்பும் கட்டையைத் திருப்பினும் வண்டி உடனே திரும்புவதில்லை. முன் தடையின் பிடிப்பும் தளர்கின்றது. விளக்கொளி சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணிற் பாய்கின்றது. மலைச்சாலை வளைவில் இம்மூன்றும் ஒருங்கே நேர்ந்தால் விளைவு கொடியது.

பாரத்தைத் தாங்குவது பட்டைவில். வளைந்த உருக்குப் பட்டைகள் பலவற்றை அடுக்கி, நடுவே ஒரு போல்ட்டால் இணைத்து, யூ வடிவப் போல்ட்டுகளால் அச்சோடு பிணைத்திருப்பர். மீள்தன்மை எல்லைக்குள், பாரத்திற்கேற்ற விகிதத்தில் வில் வளையும். பாரம் நீங்கினால் பழைய வடிவை அடையும். இராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி இதுவே. எல்லை மீறி அடிக்கடி வளைக்கப்பட்ட உருக்கு பழைய வடிவிற்கு முற்றும் மீளாது. பட்டறையில் “வில் படுத்துவிட்டது” என்பது இந்நிலையையே.

ஆகவே பழுதுபார்க்கும் முன் அளந்து பார்த்தல் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பின் அச்சிற்கும் அடிச்சட்டத்திற்கும் இடையேயுள்ள உயரத்தை இருபுறமும் வெறும் வண்டியிலும் சுமையுடனும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் வண்டியிலேயே இருபுறமும் உயரம் குறைந்திருந்தால் வில் படுத்துள்ளது எனலாம். ஒரு புறம் மட்டும் தாழ்ந்தால் முறிந்த பட்டையையோ, துருவேறி அசையாத இணைப்பையோ தேடவேண்டும்; நடுப் போல்ட்டின் துளையருகே விரிசல் உண்டாவது இயல்பு. வெறும் வண்டி சரியாக நின்று, சுமையேற்றிய பின்னரே மிகவும் தாழ்ந்தால், குறை பெரும்பாலும் வில்லில் இல்லை. சுமையின் அளவிலோ, அதை வைத்த இடத்திலோ உள்ளது.

இங்கு முதல் மருந்து செலவற்றது. கனமான பொருள்களைப் பின் அச்சுக்கு முன்னால், தரைத்தட்டில் தாழ வைத்துக் கட்டுதல். பின்கதவுப் பக்கம் இலேசானவற்றை வைத்தல். கூரைமேல் பாரம் ஏற்றாதிருத்தல்.

படுத்த பட்டையைச் சம்மட்டியால் தட்டி வளைப்பது பலவிடங்களில் வழக்கம். அவ்வாறு நிமிர்ந்த வில் சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடுவதுண்டு. சிவக்கக் காய்ச்சி வளைத்தாலோ, உருக்கின் பதமே கெடுகின்றது. பின்னர் அதனை ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 400 டிகிரிக்கு மேல் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் வலிமை திரும்பும். இவ்வசதி இல்லாத இடத்தில் அவ்வண்டிக்குரிய புதிய வில்கட்டுகளை இருபுறமும் மாற்றுவதே சிறந்தது. மாற்றியபின், சிறிது தூரம் ஓட்டி யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கவேண்டும்.

கூடுதல் பட்டையைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஒரே அளவுள்ள ஐந்து பட்டைகளோடு அதே அளவில் ஆறாவது பட்டை சேர்ந்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால், ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஆகவே 6 மில்லிமீட்டர் பட்டையைவிட 8 மில்லிமீட்டர் பட்டை இரண்டு மடங்கிற்கும் மேல் விறைப்பானது. மெல்லிய பட்டைகளிடையே லாரியின் தடித்த பட்டையைச் செருகினால், ஒரே வளைவில் அதற்கே மிகுந்த தகைவு உண்டாகி, அதுவே முதலில் முறியக்கூடும். வெறும் வண்டியோ குதித்துக் குதித்துச் சாலைப்பிடிப்பை இழக்கும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வில்லை வலுப்படுத்துவதால் அச்சோ, சக்கரமோ, தடையோ வலுப்பெறுவதில்லை. பின்புறம் உயர்ந்து நிற்பதைக் கண்டு இன்னும் நான்கு மூட்டை ஏற்றத் தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது. பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடைக்கு மேற்பட்ட சுமையுடன் வண்டி ஓட்டுவதை 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கின்றது.

இவ்வுண்மைகளை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். வளையும் அளவுகோல் ஒன்றின் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, முனையில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டுத் தாழ்வை அளக்கவேண்டும். அதேபோன்ற இரண்டு கோல்களை அடுக்கினால் தாழ்வு ஏறத்தாழப் பாதியாகும். ஒரு கோலை 10 சென்டிமீட்டர் மட்டும் நீட்டினால் எட்டில் ஒரு பங்காகும். எடையை நீக்கியபின் கோல் பழைய நிலைக்கு வருகின்றதா என்பதையும் மாணவர் பார்க்கட்டும்.

மலையேறும் முன் வண்டியின் பின்னே ஓர் அளவுகோலுடன் இரண்டு நிமிடம் குனிந்து பார்ப்பது களப்பணியாளருக்குப் பெருஞ்சுமை அன்று. அன்றன்று குறித்த அந்த உயரமே, எத்தனை மூட்டை ஏற்றலாம், எதனை இறக்கி வைக்கவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.