காற்று விலைபோகும் கரை

பனியை விற்றுப் பிழைக்கும் ஊர்கள் உலகிற் பல உண்டு. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச் சாரலிலும், நமக்கு அண்மையிற் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் பனிச்சறுக்கு விளையாட்டின் பொருட்டுச் செல்வர் வந்து குழுமுகின்றனர். வானம் பொழிய மறுத்தால், நீரை இயந்திரத்தால் விசிறிச் செயற்கைப் பனி செய்கிறார்கள். 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டி ஏறக்குறைய முழுவதும் அத்தகைய பனியின் மீதே நிகழ்ந்தது. அந்நீர் எங்கிருந்து வந்தது, விருந்தாளி போனபின் மலைவாசிக்கு எஞ்சுவது என்ன என்ற கேள்விகள் அங்கெல்லாம் எழுகின்றன. அக்கேள்விகளை மனத்திற் கொண்டே நான் நுரைச்சோலையை நோக்குகிறேன். இங்கே பனி இல்லை; விலைபோவது காற்று.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் அமைந்தது இவ்வூர். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணற்றரை. கடலோரத்தார் சோழகம் என்று வழங்கும் தென்மேல் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை இங்கு ஓயாது வீசும். பெரும் பட்டமொன்றை வானிற் பறக்கவிட்டு, அதன் இழுவிசையாற் பலகைமேல் நின்று நீரைக் கிழித்தோடும் விளையாட்டுக்காக வெளிநாட்டார் அப்பருவத்திற் கற்பிட்டிக்கு வருகின்றனர். கடல் கொந்தளிப்பதால் மீனவனைக் கரையில் இருத்தும் காற்று, விடுதிக்காரனுக்கு வருவாயாகிறது.

கடல் அடங்கியதும் நிலைமை மாறுகிறது. கார்த்திகை முதற் சித்திரை வரை மீனவனுக்கு உழைப்புக் காலம்; கண்டக்குழியிலும் ஆலங்குடாவிலும் ஓங்கில் கூட்டம் காணவரும் பயணிகளுக்கும் அதுவே காலம். பத்துப் படகுகள் ஒரே கூட்டத்தைச் சுற்றி வளைத்தால் அப்பிராணிகள் அமைதியாய் இருப்பது எவ்வாறு? அதே கடலில் உள்ள பார் முருகைக்கற்பாறைத் தொடர் 1992இல் காப்பிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் அப்பாறைகள் வெளிறிப் பேரழிவுற்றன. பிரகடனத்தாற் சூட்டைத் தடுக்க இயலாது. நங்கூரத்தையாவது தடுக்கலாம் அன்றோ?

கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரைவலை இழுப்போருக்கு நீண்ட வெறுங்கரை வேண்டும். ஒவ்வொரு வலைக்கும் உரிய பாடு உண்டு. வாடி அமைத்துப் பருவந்தோறும் தங்கும் மீனவர் பலரிடம் அம்மண்ணுக்கு உறுதி கிடையாது. தலைமுறைப் பழக்கமே அவர்தம் உரிமை. களப்பையும் கடலையும் ஒட்டிய 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டம் 2009இல் போர் ஓய்ந்தபின் வேகம் பெற்றபோது, கடற்றொழிலாளர் எதிர்த்தெழுந்ததன் காரணம் இதுவே. பெருந்திட்டத்தின் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றது. ஆயினும் வேலி என்பது திட்டம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

இவையனைத்திலும் பெரிது நீர். இம்மணலின் அடியில் மழைநீர், கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. அந்நீரைக் கிணற்றால் இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. மிகையாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். மணலில் இட்ட இரசாயனப் பசளையோ மழையோடு எளிதில் இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. இதனை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றனர். நீச்சற்குளமும் புற்றரையும் வைத்திருக்கும் விடுதி வேறெங்கிருந்தும் நீர் கொணர்வதில்லை. அதே வில்லையிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அதன் மலக்குழி கசிந்தால் அதுவும் அங்கேயே சேரும். அல்ப்ஸ் மலைக்காரன் பனியாக்கும் நீருக்கும் இங்குள்ள குளத்து நீருக்கும் கணக்கு ஒன்றே.

இவ்வூர் சுமந்தவை ஏற்கெனவே பல. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். அதே கிணறுகளே அவர்தம் தாகத்தையும் தீர்த்தன. 2011இல் முதலாவது பிரிவும், 2014இல் ஏனையவும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற்று அனல்மின் நிலையமும் இங்கேதான் நிற்கிறது. நாட்டுக்கெல்லாம் ஒளி தருகிறது, மெய்யே. ஆயினும் பட்டத்தை இழுக்கும் அதே சோழகம், நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் தம் தோட்டங்களிற் கொட்டுவதாக அயற்கிராமத்தார் முறையிட்டு வந்துள்ளனர்.

விருந்தினர் வரவே கூடாது என்பது என் வாதமன்று. விடுதியில் வேலை பெற்ற இளைஞனின் வீட்டில் அடுப்பெரிவதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும், 2020இன் கொள்ளைநோயும் அவ்வருவாய் ஒரு நாளிலே வற்றக்கூடியது என்று காட்டின. அன்று கைகொடுத்தவை வலையும் மண்வெட்டியுமே. ஆகவே அவற்றை விற்று விருந்தோம்பல் தகாது. எந்த விடுதிக்கும் அனுமதி வழங்குமுன் அது இறைக்கும் நீர் அளக்கப்படவேண்டும். கரைவலைப் பாடு வேலியின்றி இருக்கவேண்டும். ஓங்கிலைச் சூழும் படகுகளுக்கு எண்ணிக்கை வரையறை வேண்டும். இம்மூன்றுக்கும் இசையாத முதலாளிக்கு இக்கரையில் இடமில்லை என்று சொல்லும் துணிவு அதிகாரிகளுக்கு உண்டாகுமானால், வந்தவரும் மகிழ்வர், இருந்தவரும் வாழ்வர். காற்று நாளையும் வீசும். கிணற்று நீர் நன்னீராய் இருக்குமா என்பதே நம் கையில் உள்ளது.