மாடித் தொட்டியும் மின்சாரக் கட்டணமும்

மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களில் மாடிக் கட்டடங்களில் குடியிருப்போர் மாதாமாதம் சொஸைட்டிக்குக் கட்டும் பராமரிப்புப் பணத்தில், தண்ணீர் பம்புக்கான மின்சாரச் செலவும் அடங்கியிருக்கிறது. குமாஸ்தா வேலையில் இருப்பவருக்கு அதுவும் ஒரு சுமைதான். ஆனால் பம்பு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பவர் குறைவு.

மாநகராட்சித் தண்ணீர் குறித்த நேரத்தில் தரைத்தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து பம்பு அதை மாடிக்கு ஏற்றுகிறது. 10,000 லிட்டரை 20 மீட்டர் உயரம் ஏற்ற, கணக்குப்படி அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் போதும். பம்பிலும் குழாயிலும் ஏற்படும் நஷ்டத்தைச் சேர்த்தால் ஒன்றரை யூனிட் ஆகலாம். இது பெரிய செலவல்ல. செலவு வேறிடத்தில் இருக்கிறது. தொட்டி நிரம்பி, சுவரோரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்ட பிறகே வாட்ச்மேன் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்துகிறார். 5 குதிரைத்திறன் மோட்டார் தினம் அரை மணி வீணாக ஓடினால், மாதம் 60 யூனிட் போகும். யூனிட் கூடக் கூட விகிதமும் கூடுவதால், வீணாகும் யூனிட்டுக்குத்தான் விலை அதிகம்! மேல்தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தரைத்தொட்டியிலும் ஒன்று வைத்தால், தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் கருகாது.

அடுத்தது நேரம். எல்லா நேரத்துக்கும் ஒரே விகிதம் என்றால், இரவில் ஓட்டினாலும் பகலில் ஓட்டினாலும் பில் ஒன்றே. ஆனால் மத்திய அரசு 2023-ல் திருத்திய விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் நேரவாரிக் கட்டணம் வரவேண்டும். சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்தில் விகிதம் குறைந்தது 20 சதவீதம் குறைவு. தங்கள் மீட்டருக்கு இது பொருந்துகிறதா என்பதைப் பில்லில் பார்க்கலாம். பொருந்தினால், விடியற்காலை வந்த தண்ணீரைத் தரைத்தொட்டியில் வைத்திருந்து பகலில் ஏற்றலாம். மறுநாள் காலை லோக்கல் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் குளிக்கும் வரைக்கும் மேல்தொட்டித் தண்ணீர் தாங்க வேண்டும். அதையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இதெல்லாம் தரைத்தொட்டி உள்ள இடத்துக்கு. தாராவிச் சந்துகளில் தண்ணீர் வரும் நேரமே மோட்டார் ஓடும் நேரம். மாநகராட்சிக் குழாயிலேயே சிறு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு, குழாயில் ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும்.