கொடி கட்டுகிற ஆள்

கொடியேற்றத்தில் பேச்சு, மார்ச், மிட்டாய் எல்லாம் அப்புறம். முதலில் முடிச்சு. கொடியை நீளவாக்கில் மடித்து, உள்ளே ஒரு கைப்பிடி ரோஜா இதழும் செவ்வந்தியும் வைத்துச் சுருட்டி, உருவு முடிச்சுப் போட வேண்டும். இறுக்கிவிட்டால் தலைமையாசிரியர் தொங்கினாலும் பிரியாது. தளர்த்திவிட்டால் பாதிக் கம்பத்திலேயே பூ கொட்டிவிடும். இதழை முந்தின நாளே உதிர்த்து வைத்தால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும். காவி மேலே இருக்கிறதா என்று கட்டுவதற்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சி ஜீயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுக்க ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் இது என் வேலை. தேசபக்தி என்று நான் நினைத்ததே இல்லை. டியூட்டி, அவ்வளவுதான்.

என் மகனுக்கு அப்படி இல்லை. கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சர்ட்டிஃபிகேட் வாங்கிவிட்டு ராணுவத்துக்குப் போவதாக இருந்தான். விடியற்காலையில் முக்கொம்புக் கரையில் ஓடுவான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் அது. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை. 2018-இல் சுதந்திர தினம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. மறுநாள் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்தவன், மணல் மூட்டையை எப்படி அடுக்கினால் நிற்கும் என்று சாப்பாட்டுத் தட்டில் சோற்றை வைத்து எனக்குக் காட்டினான். “சோத்துல வெளையாடாதடா” என்று அவன் அம்மா அதட்டினாள்.

அடுத்த மாசியில், கரூர் சாலையில், விளக்கில்லாத ஒரு திருப்பத்தில் அவனுடைய பைக் ஒரு லாரிக்குப் பின்னால் போய் மோதியது. அவனுக்கு 20 வயது.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், நல்ல மனுஷர்தான், “பட்டாளத்துல போயிருந்தாலாவது ஒரு பேரு இருந்திருக்கும் சார்” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுதான் பல நாள் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

திருச்சியில் அப்படிப் பேர் உள்ள பிள்ளை ஒருவர் இருக்கிறார். மேஜர் மாரியப்பன் சரவணன், பீகார் ரெஜிமென்ட். கார்கில் போரில், 1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் எதிரிகள் பிடித்துவைத்திருந்த மலை ஒன்றின் மேல் தன் ஆட்களோடு ஏறிப் போய் அங்கேயே உயிர்விட்டார். 26 வயது. போர் ஓயாததால் ஒரு மாதத்துக்கு மேல் உடலை மலையிலிருந்து இறக்க முடியவில்லை. பிறகு வீர் சக்ரா விருது அறிவித்தார்கள். கன்டோன்மென்ட்டில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் இறந்த நாளிலும், ஜூலை 26 கார்கில் வெற்றி தினத்திலும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள்.

அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் நினைப்பது விருதை அல்ல. பிள்ளை இல்லை என்று தெரியும், உடம்பும் வந்து சேரவில்லை. அந்த நாட்களை அவரைப் பெற்றவள் எப்படிக் கழித்திருப்பாள்? நாடு தருகிற மரியாதை பெரியதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரே வந்து நிற்க ஒரு இடமும் ஒரு தேதியும் கிடைக்கின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அது கிடையாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது: அந்தத் தேதியில் ஊர் முன்னால் அழாமல் நிற்க வேண்டும்.

நம் ஊர் மேடைகளில் இந்த எதிர்பார்ப்பு இன்னும் கொஞ்சம் அதிகம். சுதந்திர தினத்துக்குப் பேச வருகிறவர்கள் தவறாமல் புறநானூற்றுத் தாய்மாரை இழுப்பார்கள். போரில் மகன் விழுந்ததைக் கேட்டுப் பெற்றபோதைவிட மகிழ்ந்த தாய்மார். நானும் கைதட்டியிருக்கிறேன். இப்போது தட்டுவதில்லை. 2015 குடியரசு தினத்தன்று, ராணுவப் பணியில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனுக்கான அசோக சக்ராவை அவருடைய மனைவி தில்லியில் குடியரசுத் தலைவர் கையிலிருந்து வாங்கியதை மகனோடு சேர்ந்து டி.வி.யில் பார்த்தேன். அந்தப் பெண்ணின் நிமிர்வைப் பார்த்து அவன் எழுந்தே நின்றுவிட்டான். அன்றைக்கு நான் அணிவகுப்பைப் பார்த்தேன். இன்றைக்குப் பார்த்தால் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் 1915-இல் பிரான்சில் லூஸ் சண்டையில் காணாமல் போனான். கண்பார்வைக் குறைவால் ராணுவம் வேண்டாம் என்று தள்ளியவனைச் சிபாரிசு பிடித்துச் சேர்த்துவிட்டதே அப்பாதான். அந்த மனிதர் பிற்பாடு போர்க் கல்லறை ஆணையத்தில் சேர்ந்து, நினைவுக் கற்களில் பொறிக்க வேண்டிய வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தார். அடுத்தவர் பிள்ளைகளின் கல்லுக்கெல்லாம் சொல் தேடினார். தன் மகனின் கல்லறை எது என்று தெரியாமலே 1936-இல் போய்ச் சேர்ந்தார். புகழைவிட அந்த வேலைதான் அவரை நிற்க வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் எனக்கு அப்படித்தான் நடந்தது. அவன் போன வருஷம் ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் உட்கார்ந்தோம். பிள்ளை எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்தேன். எள்ளும் தண்ணீரும் விடும்போது கை சொன்னபடி கேட்கவில்லை. ஆகஸ்ட் 15 வந்தபோதும் ஆடி முடிந்திருக்கவில்லை. நான் லீவில் இருந்தேன். தலைமையாசிரியர் முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, “சார், நீங்க இருக்க வேணாம். கொடி மட்டும் கட்டிக் கொடுத்துட்டுப் போயிடுங்க” என்றார். போனேன். கட்டினேன். கை நடுங்கவில்லை. கிளம்பலாம் என்று திரும்பினால், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறான். அதைச் சரி செய்தேன். அப்புறம் வரிசையைச் சரி செய்தேன். கொடி ஏறி, பூ உதிர்ந்தது. அழுகை வந்ததா என்றால் வந்தது. ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திதியன்று நான் பிள்ளையைப் பறிகொடுத்தவன். கொடியேற்றத்தன்று நான் பி.டி. சார்.

என் மனைவிக்கு இதெல்லாம் இல்லை. கொடியேற்றத்துக்கு அவள் வரவே மாட்டாள். அவளுக்கு ஆறுதல் எது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பள்ளியில் நிகழ்ச்சி முடிந்தால் நம் ஆட்கள் டி.வி.யில் பட்டிமன்றம் பார்க்கப் போய்விடுவார்கள். சிலர் பிள்ளைகுட்டிகளோடு முக்கொம்புப் பூங்காவுக்குப் போவார்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்திருந்தால் கூட்டம் தாங்காது. ஆனால் அந்த நாளில் இன்னொன்றும் இருக்கிறது, அநேகம் பேர் எட்டிப் பார்ப்பதில்லை: கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஒவ்வொரு ஊராட்சியிலும் கூட்ட வேண்டும். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாட்களைச் சேர்த்தார்கள். வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அவன் போன வருஷம், கொடியேற்றிய அன்றைக்கே நானும் போனேன். தெருக்குழாய், நூறு நாள் வேலை, சாக்கடை என்று போய்க்கொண்டிருந்தது. எழுந்து, அந்தத் திருப்பத்துக்கு விளக்கும் ஒளிரும் பலகையும் வேண்டும் என்று சொன்னேன். மகனைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

நெடுஞ்சாலை ஊராட்சியின் கையில் இல்லை; தீர்மானம் போட்டு மேலே அனுப்பத்தான் முடியும். அனுப்பினார்கள். கொரோனாவில் கூட்டமே நடக்காமல் போனது. திரும்பக் கூடியபோது திரும்பக் கேட்டேன். பலகை வந்தது, விளக்கு வந்தது. இப்போது நான் ஓய்வு பெற்றவன்; கொடி கட்ட இன்னும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். இந்தத் தடவை கூட்டத்தில் சாலையோரம் இரவில் லாரிகளை நிறுத்திவிட்டுப் போவதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அக்டோபர் 2 அன்று என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.