பட்டன் இருக்கு... கண்ணுக்குத்தான் தெரியலை! இணையதளங்களைப் ‘பார்த்து’ சோதிக்கும் விஷுவல் ரெக்ரஷன் டெஸ்டிங்

டிக்கெட் புக் செய்யும் இணையதளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசைன் டீமில் ஒருவர் பட்டன்களின் எழுத்து நிறத்தை வெள்ளையாக மாற்றுகிறார். நீலப் பட்டனில் வெள்ளை எழுத்து, பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால், அதே சிஎஸ்எஸ் வரியைத்தான் பணம் செலுத்தும் பக்கமும் பயன்படுத்துகிறது. அங்கே பட்டனின் நிறமே வெள்ளை! ‘பணம் செலுத்து’ என்ற எழுத்து வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துபோகிறது.

வெளியிடும் முன் டெஸ்ட் ஓடாதா? ஓடும், பாஸும் ஆகும். வழக்கமான தானியங்கி சோதனை, பக்கத்தின் கோடில் அந்தப் பட்டனைத் தேடும், இருக்கும். அழுத்திப் பார்க்கும், வேலை செய்யும். எல்லாமே பச்சை டிக். வாடிக்கையாளர் மட்டும் போனை வைத்துக்கொண்டு, ‘எங்கப்பா அமுக்கறது?’ என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஒன்று புதிய மாற்றத்தால் கெட்டுப்போவதை ஐடி துறையில் ‘ரெக்ரஷன்’ என்பார்கள். அது பக்கத்தின் தோற்றத்தில் நடந்திருக்கிறதா என்று பிடிப்பதுதான் விஷுவல் ரெக்ரஷன் டெஸ்டிங்.

ஆறு வித்தியாசங்கள்

வார இதழ்களில் ‘ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடி’ என்று இரண்டு படங்கள் போடுவார்களே, அதே விளையாட்டுதான். சரியாக இருக்கும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ‘பேஸ்லைன்’ என்று சேமிக்கிறார்கள். கோடில் மாற்றம் வந்ததும் இன்னொரு ஸ்க்ரீன்ஷாட். இரண்டையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு, மாறிய இடங்களுக்கு மட்டும் வண்ணம் பூசி மூன்றாவது படத்தைக் கம்ப்யூட்டர் தருகிறது.

பிபிசி நியூஸ் டெவலப்பர்கள் 2013-ல் வெளியிட்ட ‘ரெய்த்’ என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இந்த வேலையைத்தான் செய்தது. மொபைல், டேப்லெட், கம்ப்யூட்டர் என்று ஒரே பக்கம் பல அகலங்களில் மாறி நிற்கும் காலம் அப்போது தொடங்கியிருந்தது. 100 பக்கங்களை 3 அகலங்களில், 3 பிரவுசர்களில் பார்த்தாலே 900 படங்கள். மனுஷன் எத்தனை தடவைதான் பார்ப்பான்?

இன்று மைக்ரோசாஃப்டின் ‘பிளேரைட்’ கருவியிலேயே இந்த வசதி உண்டு. 2020-ல் ‘பெர்சி’ என்ற சேவையை வாங்கிய பிரவுசர்ஸ்டாக், மும்பையில் தொடங்கப்பட்ட நிறுவனம்.

‘புலி வருது’ கதை

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டருக்குச் சுலபம். எது முக்கியமான வித்தியாசம் என்பதுதான் அதற்குத் தெரியாது. இன்றைய தேதி, மாறும் விளம்பரம், பாதி ஓடிய அனிமேஷன் எல்லாமே அதற்கு ‘மாற்றம்’தான். மேக்கிலும் லினக்ஸிலும் ஒரே எழுத்தின் ஓரங்கள் லேசாக வேறு மாதிரி தெரியும் என்பதால், பிளேரைட் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனிப் படம் வைத்துக்கொள்கிறது. அடிக்கடி மாறும் பகுதிகளை இளஞ்சிவப்புக் கட்டம் போட்டு மறைக்கவும் அதில் வழி இருக்கிறது.

இந்தப் பொய் அலாரங்கள் தாங்காமல் பல டீம்கள், ‘ஒரு சதவீதம் வரை மாறினால் பரவாயில்லை’ என்று செட்டிங்கைத் தளர்த்திவிடுவது உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1280-க்கு 720 அளவுள்ள படத்தில் மொத்தம் 9,21,600 பிக்சல்கள். ஒரு சதவீதம் என்றால் 9,216. பணம் செலுத்தும் பட்டன் 100-க்கு 40 அளவில் இருந்தால் வெறும் 4,000 பிக்சல்தான். அதாவது, பட்டன் மொத்தமாகக் காணாமல் போனாலும் டெஸ்ட் பாஸ்! வாட்ச்மேனை வேலைக்கு வைத்து, ராத்திரி தூங்கிக்கொள் என்று சொல்வதுபோலத்தான் இது. முக்கியமான பட்டன், படிவம் போன்றவற்றை முழுப் பக்கத்தோடு சேர்க்காமல் தனித்தனியாகப் படமெடுத்து ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

‘அப்ரூவ் ஆல்’ ஆபத்து

இன்னொரு பக்கம் மனிதர்கள். எல்லாப் பக்கத்தின் அடியிலும் வருடம் மாறியதால் 200 படங்கள் சிவப்பில் நிற்கின்றன. ரிலீஸுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். முதல் பத்தைப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் அதேதாம்பா’ என்று மொத்தமாக அப்ரூவ் கொடுத்துவிடுகிறார்கள். 137-வது படத்தில் உடைந்துபோன பக்கம் இருந்தால், அதுவே புதிய பேஸ்லைன். அடுத்த முறை யாராவது அதைச் சரிசெய்தால், ‘மாறிவிட்டது’ என்று டெஸ்ட் அவர் மீதே புகார் சொல்லும்.

தமிழ் இணையதளம் நடத்துபவர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. டெஸ்ட் ஓடும் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் தேவைக்கு மட்டுமே மென்பொருள் இருக்கும். தமிழ் ஃபான்ட் இல்லாமலும் இருக்கலாம். ஃபான்ட் இல்லாத சர்வரில் தமிழ் எழுத்தெல்லாம் வெற்றுக் கட்டங்களாகத்தான் படத்தில் விழும். பேஸ்லைனும் கட்டம், புதுப் படமும் கட்டம். ‘புறப்படு’ என்பது ‘ரத்துசெய்’ என்று மாறினாலும், இரண்டும் சம அளவில் நின்றால் டெஸ்ட் வாயே திறக்காது. தளமே ஃபான்ட்டைச் சேர்த்து அனுப்பினால் தப்பிக்கலாம். அப்போதும் ஃபான்ட் முழுவதும் இறங்கிய பிறகே படமெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஃபான்ட் ஒன்றை சர்வரில் நிறுவிவிட்டு, முதல் பேஸ்லைனைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி ஓகே வாங்குவது நல்லது.